காற்று நமது; கதவு எவருடையது?

குற்றாலத்துச் சாரலைப் பாடாத புலவர் இல்லை. அதில் நனைய ஆசைப்படாத செல்வரும் இல்லை. ஆனி பிறந்ததும் மேற்கே மலை கறுக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று புறப்படுகிறது. பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் நீராடுவோர் கூட்டத்தால் நிறைகின்றன. எண்ணெய் தேய்ப்பவர் பிழைக்கிறார், பழக்கடைக்காரர் பிழைக்கிறார், விடுதி முதலாளி செழிக்கிறார்.

ஆனால், அந்தக் காற்று குற்றாலத்தோடு நின்றுவிடுவதில்லை. சுமந்து வந்த மழையை மலைமீது இறக்கி வைத்துவிட்டு, பாரம் குறைந்த உடலோடு கிழக்கே பாய்கிறது. தென்காசியைத் தாண்டுகிறது. பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் என்று வானம் பார்த்த பூமியின்மீது வீசுகிறது. பயிரை வாட்டும் காற்று, பனையை அலைக்கும் காற்று என்று நம் பாட்டன்மார் பழித்த அதே காற்று, இன்று வெள்ளைத் தூண்களின் உச்சியிலே மூன்று கைகளைச் சுழற்றி மின்சாரமாக மாறுகிறது. 1986ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கரையோரத்தில் 55 கிலோவாட் திறன்கொண்ட சிறு பொறிகளோடு தொடங்கிய வேலை, இன்று தமிழ்நாடு முழுவதும் 10,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது. காற்று கொடுத்தது தமிழகம். நிலம் கொடுத்தது தமிழகம். தூண் நட்டவனும், கம்பி இழுத்தவனும், அந்தக் கம்பியில் கருகி மாண்டவனும் தமிழன்.

காற்று நமது. ஐயமில்லை. ஆனால், அந்தக் காற்றிலே பிறந்த மின்சாரம் வெளியேறும் கதவு எவருடையது? அதைத் திறக்கும் கை எது? மூடும் கை எது? தோழர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி இது ஒன்றுதான்.

‘கதவாவது, மின்சாரத்துக்காவது!’ என்று புருவம் உயர்த்துவீர்கள். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். அரசியலில் பாதி, கதவைப் பற்றிய பேச்சுத்தானே! கோயில் கதவு எவனுக்குத் திறக்கும், பள்ளிக் கதவு எவனுக்கு மூடும், கோட்டைக் கதவின் சாவி எவன் மடியில் இருக்கும் என்று கேட்டு வளர்ந்த இயக்கம் இது. அந்தக் கேள்வியை மின்சாரத்தின் வாசலிலும் கேட்கச் சொல்கிறேன்.

வீட்டிலே விளக்கை அணைக்கிறோம். சுவிட்சைத் தட்டுகிறோம், இருட்டில் உற்றுப் பார்த்தால் உள்ளே ஒரு சிறு பொறி பறந்து மறைகிறது. அது என்ன? பிரிந்துபோகும் இரண்டு உலோகத் துண்டுகளுக்கு இடையே, ‘பிரியமாட்டேன்’ என்று மின்சாரம் காற்றையே பாலமாக்கிப் பாய்கிற முயற்சி. 230 வோல்ட்; ஐந்தாறு ஆம்பியர். ஆகவே பொறி பிறந்த நொடியிலே சாகிறது. அதே வேலையை 4,00,000 வோல்ட் ஓடுகிற கம்பியிலே, பழுது நேர்ந்து 40,000 ஆம்பியர் வெள்ளம் பெருக்கெடுக்கும் வேளையிலே செய்ய வேண்டும் என்றால்? அங்கே பறப்பது பொறியன்று, தீப்பிழம்பு. அதன் வெப்பம் பத்தாயிரம் பாகையையும் தாண்டும். கதிரவனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,500 பாகைதான். கதிரவனைவிடச் சூடான அந்தப் பிழம்பை, ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள், ஒரு குடுவைக்குள்ளேயே ஊதி அணைக்க வேண்டும். துணைமின் நிலையத்தில் அந்தக் கருவியைப் பிரேக்கர் என்கிறார்கள். அது ஒருமுறை தவறினால் மின்மாற்றி வெடிக்கும், ஊர் இருளும், உள்ளே நிற்கும் தொழிலாளி வீடு திரும்பான்.

இடியின் வலிமையைத் தென்காசிக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டிலே எழுப்பிய விசுவநாதர் கோயிலின் பெருங்கோபுரம், இடியால் பிளந்தது என்பது ஊர் வழக்கு. மொட்டைக் கோபுரமாகவே தலைமுறை தலைமுறையாய் நின்று, 1990ஆம் ஆண்டில்தான் மீண்டும் உயர்ந்தது. ஆண்டவன் குடியிருக்கும் கோபுரத்துக்கும் இடிதாங்கி வேண்டும் என்பதை அறிவியல் சொன்னது. ஆத்திகரும் மறுக்காமல் மாட்டிக்கொண்டனர். அந்த இடியைத்தான், தோழர்களே, நாள்தோறும் கம்பியிலே ஓட்டுகிறோம். ஓட்டுவது எளிது. நிறுத்துவதுதான் கலை.

மாறுதிசை மின்சாரம் என்றால் ஒரு சலுகை உண்டு. அது நொடிக்கு நூறுமுறை சூன்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. அந்தச் சூன்ய நொடிக்காகக் காத்திருந்து பிழம்பை அணைத்துவிடலாம். நெடுந்தொலைவுக்குப் பெருமளவில் மின்சாரம் அனுப்ப இன்று விரும்பப்படுவதோ நேர்திசை மின்சாரம். அதிலே ஏற்றமில்லை, இறக்கமில்லை, சூன்யமும் இல்லை. மூச்சு வாங்காமல் ஓடும் அந்தக் குதிரையை நிறுத்துவது உலகப் பொறியாளர்களுக்கே நெடுங்காலம் எட்டாக் கனியாய் இருந்தது. மாறுதிசையை நேர்திசையாக்கவும், நேர்திசையை மீண்டும் மாறுதிசையாக்கவும் வேறொரு கதவு வேண்டியிருந்தது. 1954ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டார், கோட்லாந்து என்ற தங்கள் தீவுக்குக் கடலடியில் மின்சாரம் அனுப்பியபோது, பாதரச ஆவி நிரம்பிய குடுவைகளைக் கதவாக வைத்தனர். உனோ லாம் என்ற பொறியாளர் பல்லாண்டுகள் பாடுபட்டுச் செய்த கதவு அது. பிறகு, 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே சிலிக்கானால் ஒரு கதவு பிறந்தது. அதுவே தைரிஸ்டர். அந்தப் பெயருக்குள்ளேயே கிரேக்க மொழியில் ‘கதவு’ என்னும் சொல் ஒளிந்திருக்கிறது! ஆறங்குல அகலமுள்ள ஒரு வட்டத் தகடு. நாம் பலகாரம் வைத்துத் தின்னும் சிறு தட்டின் அளவு. அது 8,000 வோல்ட்டைத் தாங்குகிறது. 4,000 ஆம்பியரைக் கடக்கவிடுகிறது. ஒளித்துடிப்பு ஒன்றைக் காட்டினால் திறந்துகொள்கிறது. அத்தகைய தகடுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி மாளிகை உயரத்துக்குத் தொங்கவிட்டால், ஒரு மாநிலத்தின் மின்சாரம் அதன்வழியே போகும், வரும்.

இப்போது புகளூருக்கு வாருங்கள். சத்தீசுகரிலுள்ள ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை, 1,700 கிலோமீட்டருக்கும் மேலாக, 800 கிலோவோல்ட் அழுத்தத்தில் 6,000 மெகாவாட் சுமக்கும் நேர்திசைப் பாதை போடப்பட்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் அதன் முதற்பகுதி உயிர்பெற்றது. புகளூரிலிருந்து கேரளத்துத் திருச்சூருக்கு 2,000 மெகாவாட் செல்லும் இன்னொரு நேர்திசைப் பாதை 2021ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. காற்று குறைந்த நாளில் வடக்கிலிருந்து நமக்கு. நம் காற்று பொங்கும் நாளில் தெற்கிலிருந்து வடக்குக்கு. இரு திசையும் போகவல்லது அந்தப் பெருவழி. நல்ல திட்டம். நாம் அதை இகழவில்லை. அதன் கோபுரக் கால்கள் தங்கள் வயலிலே ஊன்றப்பட்டபோது, நெஞ்சு பதறிப் போராடிய கொங்கு நாட்டு உழவர்களையும் நாம் மறக்கவில்லை.

ஆனால் கேளுங்கள்: அந்த இரு பாதைகளின் உயிர்நிலையான கதவுகளை வடித்தவர் யார்? ஒன்றுக்கு ஏபிபி நிறுவனம் தலைமை தாங்கியது. நம் பொதுத்துறையான பெல் நிறுவனம் பக்கத்தில் நின்று பங்கு பெற்றது. மற்றொன்றுக்குச் சீமென்சு. உழவன் வயல் நமது, கோபுரத்து இரும்பு நமது, கம்பி நமது, கதவின் சூத்திரமோ கடல்கடந்தவர் பெட்டகத்திலே!

திருச்சூர்ப் பாதையின் கதவு தைரிஸ்டர் அன்று; அதனினும் நுட்பமான ஐ.ஜி.பி.டி. என்பது. தைரிஸ்டரைத் திறக்கத்தான் ஆணையிடலாம். இதையோ திறக்கவும் மூடவும் ஆணையிடலாம். புதுக் காற்றாலையின் வயிற்றுக்குள்ளும், மின்சார ரயிலின் அடியிலும், மின்சாரக் காரின் உள்ளேயும் இன்று துடிப்பது இதன் இனமே. இந்தக் கதவை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்டிரிக் ஆய்வுக்கூடத்தில் படைத்தவர் யார் தெரியுமா? ஜெயந்த் பாலிகா. சென்னையிலே பிறந்தவர். கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி.யில் படித்து 1969ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர். 2024ஆம் ஆண்டில் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவரைத் தேடிச் சென்றது. கிண்டியிலே கற்ற ஒருவர் அமெரிக்காவிலே கண்ட கதவை, ஜெர்மானியர் பெட்டியிலே அடைத்து விற்க, நாம் புகளூரிலே விலைக்கு வாங்கி மாட்டியிருக்கிறோம்! இதைச் சொன்னால் சிலர் பெருமையால் மார்தட்டுகிறார்கள்: ‘பார்த்தாயா, நம்மவர் மூளையை!’ என்று. நான் நாணித் தலைகுனிகிறேன். மூளையைப் பெற்றெடுக்கத் தெரிந்த நாடு, அந்த மூளைக்கு ஒரு மேசையும் ஓர் உலையும் ஓர் ஆய்வுக்கூடமும் தரத் தெரியாமல் போனது பெருமையா?

‘எதற்கு இந்த வீண் ஆசை? உலகச் சந்தை திறந்து கிடக்கிறது. மலிவாய்க் கிடைப்பதை வாங்கினால் போயிற்று’ என்பவர்கள் உண்டு. கோட்டு அணிந்த குரலில் சொல்வார்கள்; கணக்குப் புத்தகம் காட்டிச் சொல்வார்கள். அவர்களுக்கு மறுமொழி சொல்லாமல் மேலே போகக் கூடாது.

வாங்குவது பாவமன்று. எல்லாவற்றையும் எவரும் தாமே செய்துகொள்ள இயலாது. ஆனால், ஆனையை வாங்கியவன் அங்குசத்துக்கு அயலான் வாசலில் நிற்கலாமா? நாடகம் எழுதுகிறவன் நான். மேடையின் கதை எனக்குத் தெரியும். கதாநாயகன் கர்ச்சிக்கலாம், கதாநாயகி கண்ணீர் வடிக்கலாம், வசனம் வானைப் பிளக்கலாம். திரைக்கயிற்றைப் பிடித்திருப்பவன் இழுத்துவிட்டால், காட்சி முடிந்தது! மின்சார நாடகத்தில் திரைக்கயிறு இந்தக் கதவுதான். பழுதானால் பொருள் வரும்வரை காத்திருக்க வேண்டும். விலையை ஏற்றினால் கொடுக்க வேண்டும். போர் மூண்டு கப்பல் நின்றால் கைபிசைய வேண்டும். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சில்லுப் பஞ்சம் வந்து, கார்த் தொழிற்சாலைகள் முடங்கியதைக் கண்ட பிறகுமா இந்தப் பாடம் புரியவில்லை?

வாங்குவதிலும் வகை உண்டு. சீனம் வாங்கியது. யாங்சி ஆற்றின் மூன்று பள்ளத்தாக்கு அணையிலிருந்து நேர்திசைப் பாதைகள் போட்டபோது, ஐரோப்பியரிடம்தான் வாங்கியது. ஆனால், ‘பொருளோடு வித்தையையும் கொடு’ என்று நிபந்தனை விதித்து வாங்கியது. 2008ஆம் ஆண்டில் அவர்களுடைய ரயில் தொழில் நிறுவனம், இங்கிலாந்தின் லிங்கன் நகரிலிருந்த டைனெக்சு என்ற சில்லு நிறுவனத்தின் பெரும்பங்கையே விலைக்கு வாங்கியது. 2014இல் சூசோ நகரிலே தங்கள் சொந்த ஐ.ஜி.பி.டி. ஆலையைத் திறந்தது. 2019இல் 1,100 கிலோவோல்ட் பாதை போட்டு உலகை வியக்க வைத்தது. வாங்கக் கற்றவர் வேறு. வாங்கிக் கற்றவர் வேறு. சீனம் வாங்கிக் கற்றது. தில்லி வாங்கக் கற்றது.

நம்மிடம் வித்தே இல்லையா? இருந்தது, அதுதான் வேதனை. 1989ஆம் ஆண்டிலேயே ஆந்திரத்துக் கீழ்ச் சீலேறுவிலிருந்து பர்சூருக்கு 100 கிலோவோல்ட் நேர்திசைப் பாதையை உள்நாட்டு முயற்சியாக நடத்திக் காட்டினார்கள் பெல் நிறுவனத்துப் பொறியாளர்கள். நம் மேட்டூரையே எடுத்துக்கொள்ளுங்கள். தைரிஸ்டர் ஆனாலும், ஐ.ஜி.பி.டி. ஆனாலும், மூலப்பொருள் மிகத் தூய சிலிக்கான். 1980களில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் ஏ.ஆர்.வாசுதேவமூர்த்தியின் குழு கண்ட முறையைக் கொண்டு, மேட்டூரிலே மெட்கெம் நிறுவனம் அந்தத் தூய சிலிக்கானைச் செய்தது. காவிரிக் கரையிலே, தமிழ்த் தொழிலாளியின் கையால்! அதே காலத்தில் தில்லி என்ன செய்துகொண்டிருந்தது? அமெரிக்காவின் ஹெம்லாக் நிறுவனத்திடம் அந்தத் தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தது. ‘வீட்டிலே விளைந்திருக்க வெளியிலே வாங்குவதா?’ என்று அறிவியலாளர்கள் குமுறினார்கள். வீட்டுக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரத்தில், வெளிநாட்டு மரத்தின் நிழலுக்கு விலை பேசினால் என்ன ஆகும்? மேட்டூரில் முளைத்தது பெருமரம் ஆகவில்லை.

இன்றைய நிலையைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் 76,000 கோடி ரூபாயில் சில்லுத் தொழிலுக்கென்று ஒன்றிய அரசு ஒரு திட்டம் வகுத்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை பத்துத் தொழில்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. குசராத்துக்கு உண்டு, அசாமுக்கு உண்டு, உத்தரப் பிரதேசத்துக்கு உண்டு, பஞ்சாபுக்கு உண்டு, ஒடிசாவுக்கு உண்டு, ஆந்திரத்துக்கு உண்டு. ஆறு மாநிலங்கள், பத்து ஆலைகள். மின்னணுப் பொருள்களைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்யும் தமிழ்நாட்டுக்கு அந்தப் பட்டியலில் ஓர் இடம் இல்லை! அந்த மாநிலத்து மக்கள்மீது நமக்குப் பொறாமை இல்லை, அவர்கள் வாழட்டும். பந்தியிலே அமர்ந்த ஏழாமவனுக்கு ஏன் இலை போடவில்லை என்றுதான் பரிமாறுகிறவனைக் கேட்கிறோம். வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று நம் முன்னோர் எழுப்பிய முழக்கம் பழையதாகிவிட்டது என்பவர்கள், இந்தப் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டுப் பேசட்டும்.

மின்சாரம் அரசியல் சட்டத்தில் பொதுப் பட்டியலில் இருக்கிறது. பொது என்றால் இருவருக்கும் உரியது என்று பொருள். நடைமுறையிலோ, செலவு நமக்கும் சாவி தில்லிக்கும் என்று ஆகிவிடுகிறது. காற்று பலமாய் வீசும் ஆடி மாதத்தில், ‘கம்பியில் இடமில்லை, ஆலையை நிறுத்து’ என்ற ஆணையைக் கேட்டுத் தென் மாவட்டத்துக் காற்றாலைகள் கைகட்டி நின்ற ஆண்டுகள் உண்டு. ஊரிலே மின்வெட்டு, உச்சியிலே ஓயாத காற்று, நடுவிலே அடைத்த கதவு! போதிய பாதையும், அந்தப் பாதையை விரைந்து திறந்து மூடும் கருவியும் இருந்திருந்தால் அந்தக் காற்று வீணாகியிராது.

கூட்டாட்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாய்ப் பேசியிருக்கிறோம். 2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் அறிவியலே அதற்கு ஒரு விளக்கவுரை எழுதிற்று. வட, கிழக்கு, வடகிழக்கு மின்கட்டமைப்புகள் சரிந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டது. ரயில்கள் நடுவழியில் நின்றன. சுரங்கத்துக்குள் தொழிலாளர் சிக்கினர். தெற்கு சரியவில்லை. ஏன்? தெற்குக்குத் தெய்வம் துணை நின்றதா? இல்லை. அன்று தெற்கும் வடக்கும் நேர்திசை இணைப்புகளால் மட்டுமே பிணைக்கப்பட்டிருந்தன. நடுவிலே தைரிஸ்டர் கதவு நின்றது. மின்சாரத்தைக் கொடுக்கலாம், வாங்கலாம். ஆனால் வடக்கின் தள்ளாட்டம் தெற்கைத் தொற்றாது. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர், சோலாப்பூர் பாதை வழியே தெற்கு ஒரே துடிப்பில் வடக்கோடு சேர்க்கப்பட்டது. அதனால் நன்மையும் உண்டு. பற்றாக்குறைக் காலத்தில் மின்சாரம் வருகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் 2012 கற்பித்த பாடம் அழியாதது: கைகோத்து நடக்கலாம், காலைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளக் கூடாது. கொடுக்கல் வாங்கலும் வேண்டும், தன் துடிப்பும் வேண்டும். மாநில சுயாட்சி என்று நாம் சொல்வதை, ஒரு சிலிக்கான் தகடு சொல்லாமல் செய்து காட்டியது!

தில்லியைக் கேட்பதோடு நம் கடமை முடிந்ததா? முடியாது. நம் முதுகையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லணையைப் பாடுகிறோம், தஞ்சைக் கோபுரத்தைப் பாடுகிறோம், கட்டியவன் தமிழன் என்று களிக்கிறோம். களிப்பு ஒரு மாலைக்குப் போதும். மறுநாள் காலையில் உலை மூட்ட வேண்டாமா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் எடுத்துக் கொடுத்தார். காரைக்குடியில் 1948ஆம் ஆண்டு கல் நாட்டி, 1953ஆம் ஆண்டு மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம் எழுந்தது. செட்டிநாட்டுப் பொட்டலிலே ஆய்வுக்கூடம் எழக்கூடுமானால், தென்காசிச் சீமையிலே எழக்கூடாதா? நம் மாநில அரசு 2025ஆம் ஆண்டு மார்ச்சில் சில்லுத் தொழிலுக்கென 500 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் கைப்பேசிச் சில்லோடு அது நின்றுவிடக் கூடாது. கம்பத்துச் சில்லுக்கும் அதில் பங்கு வேண்டும் என்று நம் வீட்டிலேயே நாம் கேட்க வேண்டும்.

வேளையும் வாய்த்திருக்கிறது. இன்றைய பிரேக்கர்களில் பிழம்பை அணைக்கும் சல்பர் ஹெக்சாபுளோரைடு என்ற வளி, புவியைச் சூடேற்றுவதில் கரிவளியைப்போல் 23,500 மடங்கு கொடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, 2026 முதல் படிப்படியாக அதைப் புதுக் கருவிகளிலிருந்து விலக்குகிறது. ஆகவே வெற்றிடம், தூய காற்று, புதுக் கலவை என்று உலகமே புதுக் கதவு தேடுகிறது. நேர்திசை பிரேக்கரும் இன்னும் இளங்குழந்தைதான். 2012இல்தான் ஏபிபி நிறுவனம் அதைச் செய்துவிட்டதாக அறிவித்தது. பழைய பந்தயத்தில் நாம் ஐம்பதாண்டு பின்தங்கினோம். புதுப் பந்தயத்திலோ எல்லோரும் கோட்டருகேதான் நிற்கிறார்கள். இன்றும் நாம் வேடிக்கை பார்ப்போமானால், பிறகு எவரையும் நொந்துகொள்ள உரிமையில்லை.

எனவே, நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று: தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்தில், காற்று வீசும் இடத்திலேயே, பெரும் அழுத்த, பெரும் மின்னோட்டக் கதவுகளை உருவாக்கவும் சோதிக்கவும் ஓர் ஆய்வுக்கூடம். கயத்தாறிலே காற்றாலைப் பொறிகளைச் சோதிக்கும் நிலையம் பல ஆண்டுகளாக உண்டு. கதவுக்கு மட்டும் ஏன் இல்லை? இரண்டு: பொதுப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு பெரிய மின்கருவி ஒப்பந்தத்திலும், வித்தையைக் கற்றுத்தரும் நிபந்தனை. கற்றுத்தர மறுப்பவனுக்கு நம் கருவூலம் கதவைத் திறக்கலாகாது. மூன்று: நம் தொழிற்பயிற்சி நிலையத்துப் பிள்ளையும் பொறியியல் கல்லூரிப் பிள்ளையும் இந்தக் கருவிகளைப் பிரித்துப் பூட்டக் கற்கும் பட்டறைகள். பட்டம் முடிக்காமல் படிக்கட்டிறங்கிய நானே இவ்வளவு கற்க முடிந்ததென்றால், வாய்ப்புக் கொடுத்தால் அந்தப் பிள்ளைகள் எதைத்தான் கற்கமாட்டார்கள்!

கேட்டால் கிடைக்குமா என்று ஐயுறும் தோழர், வரலாற்றைப் புரட்டட்டும். அண்ணா ஆட்சிப் பொறுப்பேற்ற 1967ஆம் ஆண்டின் ஜூலைத் திங்களில், சேலம் இரும்பாலைக்காகவும் சேதுக் கால்வாய்க்காகவும் தமிழகம் ‘எழுச்சி நாள்’ கொண்டாடியது. இரும்பாலைக்குக் கட்சிக் கூட்டமா என்று அன்றும் நகைத்தவர் இருந்திருப்பர். 1970ஆம் ஆண்டில் சேலத்திலே கல் நாட்டப்பட்டது. கேட்டவர்கள் இரும்பு உருக்கத் தெரிந்தவர்கள் அல்லர். இரும்பு இல்லாத நாடு எழாது என்று தெரிந்தவர்கள். அவ்வளவு தெரிந்தால் போதும். தேநீர்க் கடையில், படிப்பகத்தில், கிராம சபையில் இதைப் பேசுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர் நம்மவரே ஆயினும், ‘காற்றாலைக்குக் கதவு செய்யும் ஆய்வுக்கூடம் எப்போது?’ என்று கேளுங்கள். விடை தெரியாமல் அவர் விழித்தால், இந்த ஏட்டைக் கையிலே கொடுங்கள்.

பராக்கிரம பாண்டியன் தென்காசிக் கோயிலில் ஒரு செய்தியைக் கல்லிலே பொறித்து வைத்தான். பிற்காலத்தில் இந்தக் கட்டடத்துக்குக் கேடு வருமானால், அதை நீக்கிக் காப்பவர் எவராயினும், அவர்களை அடிபணிந்து வணங்குவதாக! முடிமன்னன் தலைவணங்கியது புரோகிதனுக்கன்று. பழுது பார்க்கும் கைக்கு. நமக்குக் கோயிலோடு உள்ள கருத்து வேறுபாடு வேறு. அந்த வணக்கத்தின் பொருள் வேறு. கட்டியவனைவிடக் காப்பவன் பெரியவன் என்று அறிந்த மண் இது. காக்க வேண்டுமானால் அதன் உட்கூறு தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் செய்து பார்த்திருக்க வேண்டும். செய்யாதவன் காக்க முடியாது. காக்க முடியாதவன் ஆள முடியாது.

அடுத்த ஆனியிலும் சாரல் வரும். காற்று நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நாம் ஆயத்தமா என்று பார்த்து நிற்பதுமில்லை. அது வந்து தட்டும்போது, கதவுக்குச் சொந்தக்காரர்களாய் நின்று திறக்கப் போகிறோமா, இரவல் சாவிக்காகக் கடற்கரையில் காத்திருக்கப் போகிறோமா?

முடிவு, தோழர்களே, உங்கள் கையில்.